வான்வழிக்கு எவ்வளவு உறைமோர்

மூடியை இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வாரைத் தன் வயிற்றுக்கும் மடியிலிருக்கும் தூக்குப்போசிக்கும் சேர்த்தே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அத்தாயம்மாள், சன்னலுக்கு வெளியே மேட்டூர் அணை கைதவறி விழுந்த கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்கிவிட்டுப் பின்னால் போகிறது, அதை அவள் பார்க்கவில்லை, அவள் பார்வையெல்லாம் போசியின் விளிம்பில், கசிகிறதா இல்லையா என்பதில், தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண் குனிந்து, ஏம்மா, உள்ளே சாமி சிலை ஏதும் வெச்சிருக்கீங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டாள், பக்கத்து இருக்கையிலிருந்து நான்தான் முந்திக்கொண்டு, சிலையில்ல கண்ணு, தயிர்ச்சோறு என்றேன், அந்தப் பெண் சிரிக்கவில்லை, முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அத்தாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள், மனிதர் அதற்கப்புறம் இறங்குகிற வரைக்கும் திரும்பவே இல்லை, அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது, மாடியில் துணி உலர்த்தும்போது மதிய விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனால் பிழிந்த துணி கையில் சொட்டச் சொட்ட அண்ணாந்து நிற்கிறேன், அது எத்தனையோ பேரை ஏற்றி இறக்கிவிட்டது, ஆனாலும் உள்ளே ஒரு சன்னலோரத்தில் அவள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்கு இருக்கிறது.

கமலாபுரத்து விமான நிலையத்தில் ஏறினால் தாரமங்கலத்தில் எங்கள் தெருவுக்கு மேலே வந்துதான் அது திரும்பும், தறிக்காரர்கள் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பது அதன் சத்தத்தைக் கேட்டு, பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது அதைக் காட்டி, ஆனால் தெருவிலிருந்து ஒரு ஆள் அதில் ஏறியதில்லை, பழனிக்குப் போனவர்கள், திருப்பதிக்குப் போனவர்கள், கோர்ட்டுக்கு அலைந்தவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போன இரண்டு ஜோடிகள், எல்லாரும் பஸ்ஸில்தான் போனார்கள், ஓடிப்போகிறவர்களாவது கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வேன். எதிர்வீட்டு அத்தாயம்மாளின் மகள் கோகிலவாணியை ஹைதராபாத்தில் கட்டிக்கொடுத்தபோதுகூடச் சம்பந்தி வீட்டார் சங்ககிரிப் பக்கத்துக்காரர்கள்தானே, ஆழ்துளைக் கிணறு வண்டிகள் வைத்துக்கொண்டு அங்கே போய் ஊன்றிவிட்டவர்கள்தானே என்று பெண்ணை அனுப்பிவைத்தோம், அனுப்பினோம் என்று நான் சொல்வது அத்தாயி அனுப்பினாள் என்பதைத்தான், எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷமும் எனக்கு அடுத்தவர் வீட்டு விசேஷமாக இருந்ததில்லை.

அந்தப் பேச்சை நான் கேட்கவேண்டுமென்று கேட்கவில்லை, அவர்கள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள், நான் கீரை பறிக்கப் போயிருந்தேன், முருங்கைமரம் அவர்கள் சுவரோரத்தில் நிற்பதற்கு நான் என்ன செய்வேன். சம்பந்தி தங்கரத்தினத்தின் குரல் வெல்லப்பாகு மாதிரி இழுத்து இழுத்து வருகிறது, ஏனுங்க அத்தாயக்கா, எதுக்குங்க இத்தனை சிரமம், இங்க இல்லாத ஆஸ்பத்திரியா, பிரசவத்தை இங்கயே பாத்துக்கலாமுங்க. அத்தாயி, அதெப்படிங்க, ஏழாம் மாசம் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்து ஊட்டிப்போட்டு அவளைக் கூட்டிட்டு வரோணுமில்லீங்க என்கிறாள், தாய்வீட்டு அடுப்பில் ஆக்கிய ஏழு வகைச் சோற்றை வயிற்றுப்பிள்ளைக்காரி வாயில் வைத்த பிறகுதான் அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர முடியும், சோறு போகாமல் பெண் வராது, அது எங்கள் பக்கத்து வழக்கம், அது தங்கரத்தினத்துக்கும் தெரியும், தெரிந்துதான் அந்த இடத்திலேயே கையை வைத்தாள், கட்டுச்சோறுன்னா அன்னைக்கு ஆக்கி அன்னைக்கே விளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டணுமில்லீங்க, ராத்திரி ஆக்கி விடிய விடிய கார்ல கொண்டாந்தா அது பழைய சோறு, கெட்டுப்போனதைத் தின்னுட்டு வவுறு கிவுறு வலிச்சா யாருங்க பொறுப்பு.

முருங்கைக்கீரை என் கையில் வாடுகிறது, அப்புறம் அத்தாயி சொன்னாள், வர்ற வெள்ளிக்கிழமை நான் ஆக்கிக் கொண்டாறனுங்க, அன்னைக்கே, விளக்கு வெக்கறதுக்குள்ள, ஏழு சோத்துல ஒண்ணு கெட்டிருந்தாலும் எம்மகளை அங்கயே விட்டுப்போட்டு வந்தர்றேன். எனக்கு மரக்கிளை ஆடுவதுபோல் இருந்தது, நான் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே கோகிலா தனியாகக் கூப்பிட்டாள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுகிறாள், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, எதுக்கும்மா அப்படிச் சொன்னே, சோறு கெட்டுப்போச்சுன்னா நீ நெசமாவே விட்டுட்டுப் போயிருவியா, எனக்கு இங்க பயமா இருக்குதும்மா என்கிறாள், எல்லாரும் நல்லவங்கதான், ஆனா ராத்திரி இடுப்பு வலிச்சா நான் யாரை எழுப்பறது. அத்தாயி, கெடாது சாமி என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், ஃபோனை வைத்துவிட்டு நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், இதை நான் எப்படிப் பார்த்தேன் என்று யாரும் கேட்கவேண்டாம்.

ஆறு சோற்றுக்குக் கவலையில்லை, புளிச்சோறு ஒரு வாரம் நிற்கும், எள்ளுச்சோறு, எலுமிச்சை, தக்காளி, கொத்தமல்லி, சர்க்கரைச்சோறு எல்லாம் ராத்திரி வரைக்கும் அசையாது, தயிர்ச்சோறுதான் வம்பு, சித்திரை வெயிலில் தயிரை ஊற்றிப் பிசைந்து கொண்டுபோனால் இறங்குவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளும், அதனால் வழிப்பயணத்துக்குக் கட்டுகிறவர்கள் குழைந்த சோற்றில் வெதுவெதுப்பான பாலை ஊற்றிக் கொஞ்சம் உறைமோர் விட்டு மூடிவிடுவார்கள், போகப்போக அது தானே தயிராகிக்கொண்டு வரும், ஊர் போய் இறங்கித் திறந்தால் அப்போதுதான் உறைந்த தயிர்ச்சோறு, இதில் எங்கள் தெருவில் அத்தாயியை மிஞ்ச ஆளில்லை, அவளுக்கு ஊர்க்கணக்கு உண்டு, பழனிக்கு ஒரு கரண்டி உறை, திருப்பதிக்கு ஒரு ஸ்பூன், ராமேஸ்வரத்துக்கு மோரில் தொட்ட விரலைப் பாலில் ஒரு தடவை நனைத்து எடுப்பாள், தூரம் கூடக்கூட உறை குறையும். ஹைதராபாத்துக்கு எவ்வளவு என்பதுதான் இப்போது கேள்வி, ஏனென்றால் ஹைதராபாத் ராமேஸ்வரத்தைவிட ரொம்பத் தூரம், ஆனால் போய்ச்சேருவதோ பழனியைவிடச் சீக்கிரம்.

அந்த வாரம் தெருவில் வேறு பேச்சே இல்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டிய சென்னிமலை, மார்பில் கை கட்டிக்கொண்டு, ரோட்டுல எழுநூத்தம்பது கிலோமீட்டர், வானத்துல நேர்கோடா இழுத்தாலும் அறுநூறுக்குக் கொறையாதுங்க அம்மிணி, தூரம் தூரந்தான், சக்கரத்துல போனா என்ன, றெக்கையில போனா என்ன, விரல்நுனிக்கு மேல ஊத்தாதீங்க என்கிறார். அத்தாயியின் புருஷன் நாச்சிமுத்து ஃபோனை நீட்டி, இங்க பாருய்யா, டிக்கெட்டுலயே போட்டிருக்கான், பறக்குற நேரம் ஒண்ணேமுக்கா மணி நேரம், சேலத்துல ஒரு சினிமா பாத்துட்டு வர்ற நேரங்கூட இல்ல, விரல்நுனி உறை ஊத்துனா இறங்குறப்ப பால்ச்சோறாத்தான் இருக்கும், சம்பந்தியம்மா சிரிப்பாங்க என்கிறார். தூரத்துக் கட்சி ஒன்று, நேரத்துக் கட்சி ஒன்று, தெரு இரண்டாகப் பிளந்து நின்றது, கோயில் திருவிழாத் தகராறுக்குப் பிறகு அப்படியொரு பிளவை நான் பார்த்ததில்லை, நான் இரண்டு கட்சியிலும் இருந்தேன், இருந்தால்தானே இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும். சென்னிமலை கடைசியாக, உன்ற பால் பிளேன்ல ஏறுனதே இல்லையேப்பா, அதுக்கு எப்படித் தெரியும் வேகமாப் போறம்னு என்றார், எல்லாரும் சிரித்தார்கள், அத்தாயி சிரிக்கவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விமானத்துல போறமுங்க, அதுக்குப் போயி லாரிக் கணக்குல உறை ஊத்துனா அது விமானத்துக்கே கேவலமில்லீங்களா, ரெண்டு கரண்டி ஊத்தறேன் என்றாள். நேரத்துக் கட்சி கைதட்டியது, நானும் தட்டினேன்.

கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள் ஒற்றைப்படையில் போகவேண்டும், புருஷன், பெண்டாட்டி, கூட ஒரு சுமங்கலி, நாச்சிமுத்துவின் தங்கச்சிதான் போகவேண்டியவள், அவள் விமானம் என்றதும் தனக்குக் காது வலி என்றுவிட்டாள், அப்புறம் யார் இருக்கிறார்கள், என் வீட்டுக்காரர், போயிட்டு வா தாயி, நீ போகலீன்னா தெருவுக்கு அந்தச் சேதியெல்லாம் யாரு சொல்றது என்றார், குத்திக்காட்டுகிறாராம், குத்தட்டும், நான் பட்டுச்சேலையை இரண்டு நாளுக்கு முன்பே எடுத்து உதறி வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் அவள் அடுப்பிலிருந்து எள் வறுபடும் வாசம் வந்தது, தெருவே எழுந்து வாசலில் நிற்கிறது, கிளம்பும் நேரத்துக்குக் கடைசியாக அவள் பாலை இறக்கி, சுண்டுவிரலை விட்டுச் சூடு பார்த்து, இரண்டு கரண்டி உறைமோரை எங்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஊற்றினாள், அது நேரத்துக் கட்சிக்கு, மூடியை மூடுவதற்கு முன் சென்னிமலை இருந்த பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள், அந்தத் தயக்கத்தை நான் மட்டும்தான் கவனித்தேன்.

விமான நிலையத்தில் பெட்டிகளைப் படம் பிடிக்கிற இயந்திரம் எங்கள் ஏழு பாத்திரத்தையும் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டது, வட்டமாக ஏழு, ஒன்றன்மேல் ஒன்று, காக்கிச் சட்டைப் பெண் மலையாளத்துக்காரி போலிருக்கிறது, அம்மே, இது என்ன கல்யாணப் பந்தியா என்று கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள், எள்ளுச்சோற்றை முகர்ந்தாள், ஊறுகாயை ஓரமாக எடுத்து வைத்துவிட்டாள், கடைசியில் அந்தத் தூக்குப்போசியைச் சாய்த்தாள், உள்ளே பால் சளக்கென்றது, இது என்ன என்றாள், சோறுங்க என்றாள் அத்தாயி, சோறு ஆடுமோ, இது பாலல்லவா என்றாள் அவள், இப்ப பாலுங்க, இறங்கறப்ப சோறு. அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவர் வந்து, ஒரு வாய் நீங்களே சாப்பிட்டுக் காட்டுங்கள், விட்டுவிடுகிறோம் என்றார், எவ்வளவு சுலபமான காரியம், ஆனால் அத்தாயி போசியை மார்போடு அணைத்துக்கொண்டாள், மொத வாய் எம்மகளுதுங்க, ஏழு மாசம், அவ வாயில வெக்கறதுக்கு முன்னாடி நான் எச்சல் பண்ண மாட்டேன், வேணும்னா என்னை நிறுத்திக்கோங்க, சோறு போகட்டும். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, நாச்சிமுத்து வியர்க்கிறார், மலையாளத்துக்காரி போசியை வாங்கி வேறொரு சின்ன இயந்திரத்தில் வைத்து எதையோ துடைத்துப் பார்த்தாள், திருப்பிக் கொடுக்கும்போது மூடியைத் தானே அழுத்தி மூடி, சிந்தாமல் போ அம்மே என்றாள், அந்த நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் நடந்த நடையைத் தெரு பார்த்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் விமானம் வரவில்லை. பெங்களூரிலிருந்து வரவேண்டும், அங்கே மழையாம், கிளம்பவில்லையாம், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெறும் தார்ப்பாதை வெயிலில் நெளிகிறது, அதற்கும் அப்பால் சேர்வராயன் மலை, பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராக நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவை மாறும்போதும் நாச்சிமுத்து ஃபோனைப் பார்த்துவிட்டு, கவலைப்படாதே, பறக்குற நேரம் அதே ஒண்ணேமுக்கா மணி நேரந்தான், அதுல மாத்தமில்ல என்கிறார், மூன்றாவது தடவை அத்தாயி மெதுவாகச் சொன்னாள், ஏனுங்க, சும்மா உக்காந்திருக்கறது பயணத்துல சேராதுன்னு பாலுக்குத் தெரியுமாங்க. அவள் போசியின் வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள், காய்ச்சல் பார்ப்பதுபோல், காதை வைத்துக் கேட்கிறாள், கடைசியில் மூடியை ஒரு விரல்கடை திறந்தாள், நானும் எட்டிப் பார்த்தேன், உறைந்துவிட்டிருந்தது, அழகாக, ஆடைகட்டி, லேசாக நடுங்கிக்கொண்டு, ஹைதராபாத்தில் எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே, கமலாபுரத்தில். இனி நிமிஷத்துக்கு நிமிஷம் புளிப்புதான் ஏறும், அது இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்குக் கை சும்மா இருக்காது, காப்பிக் கடைக்குப் போய்க் காகிதக் கோப்பையில் ஆறிய பால் வாங்கிக்கொண்டு வந்தேன், உறைந்த சோற்றில் கொஞ்சம் பாலைக் கலந்துவிட்டால் புளிப்பு அடங்கும், எந்த வீட்டில் செய்யாத வேலை. அத்தாயி கோப்பையைப் பார்த்தாள், வாங்கவில்லை. இது எங்கூட்டு அடுப்புப் பால் இல்லீங்கக்கா. அட, பால் எந்த அடுப்புல காஞ்சா என்ன அம்மிணி, யாருக்குத் தெரியப்போகுது என்றேன். உங்களுக்குத் தெரியுமில்லீங்க என்றாள், அவள் குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை, அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் தெரியுமுங்க என்று சேர்த்துக்கொண்டாள், எம்மூட்டு அடுப்புச் சோறுன்னு சொல்லிப்போட்டு வேற பாலை ஊத்தி எம்புள்ளையைக் கூட்டியாந்தா, அவ மூஞ்சியை நான் எப்படிங்க பாக்கறது. அந்தப் பாலை நானே குடித்தேன், இந்த அம்மாளைப்போய் இரண்டு வருஷமாகக் கருமி என்றும் ராங்கிக்காரி என்றும் குழாயடியில் பேசியிருக்கிறோமே என்று இருந்தது, கருமிதான், ராங்கிக்காரிதான், ஆனால் ராங்கி என்றால் இப்படி இருக்கவேண்டும்.

பிறகு எப்போதோ ஏறினோம், மேட்டூர் அணை பின்னால் போயிற்று, பணிப்பெண் கேட்டாள், முன்வரிசைக்காரர் சிரித்தார், நான் தூங்கிப்போனேனா என்று தெரியவில்லை, சன்னலுக்கு வெளியே மேகம் பெரிய அண்டாவில் உறைந்த தயிராகப் பரந்து கிடக்கிறது, விமானம் அதன்மேல் கரண்டி மாதிரி மெல்லப் போகிறது, உள்ளே எங்கள் தெரு முழுக்க உட்கார்ந்திருக்கிறது, சென்னிமலை விமானியின் பக்கத்தில் நின்று லாரிக்குச் சொல்வதுபோல் வலதுல ஒடிங்க, வலதுல ஒடிங்க என்கிறார், தறிகள் ஓடுகிற சத்தத்தில்தான் அது பறக்கிறது, ஒலிபெருக்கியில் யாரோ தூரம் அறுநூறு, நேரம் ஒண்ணேமுக்கால் என்று திரும்பத் திரும்ப அறிவிக்கிறார்கள், கோகிலா சின்னப் பெண்ணாக இடைபாதையில் ஓடிவந்து, அம்மா எந்த ஊரு வந்திருக்கோம் என்கிறாள், அத்தாயி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சந்தான் சாமி என்கிறாள், விழித்துப் பார்த்தால் அவள் அப்படியேதான் இருந்தாள், உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, அவள் சாமியைக் கும்பிடவில்லை, தயிரிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று.

ஹைதராபாத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு நாங்கள் கார் பிடித்துப் போன நேரம் பறந்த நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதை டிக்கெட்டில் எவனும் போடவில்லை, பாலங்கள்மேல் ஏறி இறங்கி, சிவப்பு விளக்குகளில் நின்று நின்று, வானம் ஆரஞ்சாகி, ஊதாவாகி, அத்தாயி சன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், தெருவிளக்கு எரிகிற ஒவ்வொரு இடத்திலும் அவள் தோள் இறங்கியது. போய் நின்றபோது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, சம்பந்தி வீடு மட்டும் இருட்டு. வாசலில் தங்கரத்தினம் நிற்கிறாள், கையில் தீப்பெட்டி, பின்னால் இருட்டுக்குள் சொந்தக்காரப் பெண்கள் இருபது பேர் விசிறிக்கொண்டிருக்கிறார்கள், என்னங்க சம்பந்தி, கரெண்ட் இல்லீங்களா என்று நாச்சிமுத்து கேட்டார், பாவம், அவருக்கு எதுவும் புரியாது, தங்கரத்தினம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, எங்க வீட்டுல இன்னும் விளக்கு வெக்கற நேரம் ஆகலீங்க, வாங்க உள்ள என்றாள். அந்த அம்மாளைப் பற்றி நான் கட்டிவைத்திருந்த அபிப்பிராயத்தில் அங்கேயே ஒரு செங்கல் உருவிக்கொண்டது.

நாங்கள் சோற்றோடு படியேறிய பிறகுதான் விளக்கேற்றினாள். கோகிலாவை மணையில் உட்காரவைத்தார்கள், கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே கருத்து, அம்மாவையே பார்க்கிறாள், ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து, அத்தாயி மகளுக்கு ஊட்டியதும் தங்கரத்தினம் ஒரு வாய் எடுத்துப் பார்க்கிறாள், எள்ளுச்சோற்றுக்குத் தலையாட்டினாள், புளிச்சோற்றுக்கு இரண்டாவது வாய் எடுத்தாள், ஆறும் தாண்டியது, ஏழாவது மூடியைத் திறக்கும்போதே எனக்கு மூக்கில் தெரிந்துவிட்டது. கோகிலா வாங்கி விழுங்கினாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, தங்கரத்தினம் ஒரு வாய் வைத்தாள், ஒரு கண் தானாகச் சுருங்கியது, கூடத்தில் விசிறிகள் நின்றன, புளிக்குதுங்களே அத்தாயக்கா என்றாள். நாச்சிமுத்து உடனே, இல்லீங்க, பெங்களூர்ல மழை, பறக்குற நேரமென்னமோ ஒண்ணேமுக்கா மணி நேரந்தான் என்று ஃபோனை எடுக்கப் போனார், அத்தாயி அவர் கையைத் தட்டிவிட்டாள், நீங்க சும்மா இருங்க. அப்புறம் மணைக்கு முன்னால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், பட்டுச்சேலை கசங்கி, முந்தானையில் பால்கறை, ஆமாங்க, புளிச்சிருச்சுங்க, நாந்தான் உறையைக் கூட ஊத்திப்போட்டேன், விமானத்துல போறமுன்னு தலைகால் தெரியாம ரெண்டு கரண்டி ஊத்திப்போட்டேன், வழியில வேற பாலை ஊத்தி மறைச்சிருக்கலாமுங்க, மறைக்கலீங்க, இது எம்மூட்டு அடுப்புல எறக்குனது, எறக்குன மாதிரியே வந்திருக்குது, கெட்டுப்போச்சுன்னு நீங்க சொல்லிட்டா நான் சொன்ன சொல்லுப்படி எம்புள்ளைய விட்டுப்போட்டுப் போயர்றேன்.

போயர்றேன் என்கிற இடத்தில் மட்டும் குரல் இடறியது, வேறெங்கும் இல்லை. யாரும் ஒன்றும் சொல்வதற்குள் கோகிலா மணையிலிருந்து கையை நீட்டிப் போசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், கரண்டிகூட எடுக்கவில்லை, கையை விட்டு அள்ளி அள்ளித் தின்கிறாள், ஏழு மாதமாக வாய்க்கு எதுவும் பிடிக்காத பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், விரலிடுக்கில் வழிந்ததை நக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அத்தை, நல்லா இருக்குதுங்க அத்தை, நெசமா நல்லா இருக்குது, இன்னும் ஒரு வாய் தின்னு பாருங்க என்கிறாள். தங்கரத்தினம் மருமகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள், பிறகு உண்மையாகவே இன்னொரு வாய் எடுத்து, அவசரப்படாமல், நாக்கால் அண்ணத்தில் வைத்துப் பார்த்தாள், நீதிபதி மாதிரி இருந்தது. புளிப்பு வேற, கெட்டது வேறயில்லீங்களா என்றாள். இது புளிச்சிருக்குது, கெடல. கூட்டிட்டுப் போங்க. கூடத்தில் குலவை கிளம்பியது, அதில் பாதி என் தொண்டை, தங்கரத்தினம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே குனிந்து அத்தாயி காதில், பேத்தியைக் கூட்டிட்டு வர நானும் இதே பிளேன்லதான் வருவேன், உள்ளாற பயமா இருக்குமுங்களா என்று கேட்டாள், பக்கத்தில் நான் இருந்ததால் கேட்டது, பேத்திதான் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள் பாருங்கள்.

மறுநாள், கோகிலா பறக்கலாம் என்கிற டாக்டர் கடிதத்தோடு திரும்பி வருகிறோம், நான் இடைபாதைக்கு இந்தப் பக்கம், அம்மாவும் மகளும் அந்தப் பக்கம், நாச்சிமுத்து என் தோள்பக்கம் வாயைத் திறந்தபடி தூங்குகிறார், எனக்குத்தான் வயிறு நிரம்பியிருக்கிறது, சோற்றால் அல்ல, சேதியால், இவ்வளவு பெரிய சேதி என் ஆயுசில் எனக்குக் கிடைத்ததில்லை, தெரு முழுக்க மாடியில் நிற்கும், இரண்டு கட்சியும், இறங்கியதும் முதல் கேள்வி தயிர்ச்சோறு என்னாச்சு என்பதுதான், நான் வாயைத் திறந்தால் ஆறு மாதத்துக்குத் தெருவுக்குத் தீனி, சென்னிமலை கையைத் தட்டிக்கொண்டு சுற்றுவார், நான் அப்பவே சொன்னேன், விரல்நுனி என்று. சொல்ல வேண்டிய வார்த்தைகள் நாக்கில் வரிசையாக வந்து நிற்கின்றன, எப்படி ஆரம்பித்து எங்கே நிறுத்தி எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்றுகூட எனக்குத் தெரியும், ஒவ்வொன்றாக விழுங்குகிறேன், பழக்கமில்லாததால் அடைக்கிறது. கேட்டால் சொல்லிக்கொள்கிறேன், இறக்கின அடுப்புச் சோறு இறக்கின மாதிரியே போய்ச்சேர்ந்தது, அதில் பொய் ஒன்றுமில்லையே, அத்தாயி தன் வாயாலேயே சொன்னதுதானே, மற்றதைச் சொல்லவேண்டுமானால் அவளே சொல்லட்டும், அவள் சொல்வாள், ராங்கிக்காரி, சென்னிமலை வீட்டு வாசலில் போய் நின்றே சொல்வாள்.

கீழே பூமி கிட்டத்தில் வருகிறது, மலை சாய்கிறது, வயிற்றைச் சுற்றி வார் எட்டாமல் பணிப்பெண் கொண்டுவந்து கொடுத்த துண்டு வாரையும் சேர்த்து மாட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள் கோகிலா, அவள் வயிற்றின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்திருக்கிறாள் அத்தாயம்மாள், நேற்றுப்போல் அமுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா வைத்திருக்கிறாள், உள்ளே ஏதோ அசைந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த இடத்தைப் பார்த்தார்கள், அம்மா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா என்று மகள் கேட்கிறாள், என் பக்கத்தில் நாச்சிமுத்து திடுக்கிட்டு விழித்து ஃபோனைத் தேடுகிறார், அத்தாயி அவரைப் பார்த்துச் சிரித்தாள், இரண்டு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன், ஆகற நேரம் ஆகட்டும் சாமி, அவசரமில்ல என்றாள், தறிக்கூரைகள் வந்தன, கோபுரம் வந்தது, எங்கள் தெரு மாடியெல்லாம் தலைகள், நான் யாருக்கும் முந்தி எழுந்து கையாட்டிவிட்டு, உட்காருங்கம்மா என்று பணிப்பெண் அதட்ட, உட்கார்ந்தேன்.